உரல் இருந்த இடம்

கினா
5 மே 1991

அன்புத் தம்பி ரிஃபாத்துக்கு அக்கா அவாத்திஃப் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் விட்டதா? கெய்ரோ புகையில் விட்டிருக்காது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

தந்தி கிடைத்திருக்கும். பையன். நேற்று ஏழாம் நாள் விழா. ஏழு மெழுகுவத்திக்கு ஏழு பெயர் வைத்துக் கொளுத்தினோம். கடைசிவரை எரிந்தது ‘கினாவி’. நான் மனதில் வைத்திருந்த பெயர் இரண்டாவதாகவே அணைந்துவிட்டது. ஊர் மகானின் பெயர், வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

பிறகு வழக்கப்படி பையனைச் சல்லடையில் கிடத்திக் கட்டில் மெத்தைமேல் வைத்தோம். என் நாத்தனார் ஃபிக்ரியா பித்தளை உரலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் காதருகே இடித்தாள். அவள் கை பலம் உனக்குத் தெரியும். “அம்மா பேச்சக் கேளு! அப்பா பேச்சக் கேக்காத! அத்தை பேச்ச மட்டும் கேளு!” என்று இடிக்கு ஒரு கட்டளை. வாசலில் நின்ற உன் மச்சான் ஷாஸுலி, “இப்பவே இந்த வீட்ல என் பேச்ச யாரும் கேக்குறதில்ல. அவனுக்கு வேற சொல்லித் தரணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கே காது அடைத்துக்கொண்டது. பையன் கண்கூடச் சிமிட்டவில்லை. ஃபிக்ரியா இன்னும் ஓங்கி இடித்தாள். அப்போதும் இல்லை. “சிங்கம்டி! பயம்னா என்னன்னே தெரியாது!” என்று பெண்கள் குலவையிட்டார்கள். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா நலம். உன்னைப் பற்றி விசாரிக்கவில்லை. ஆனால் உன் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்கும்போது எழுந்து போகவும் இல்லை. நீ ஏதோ காது வேலை செய்வதாக எழுதியிருந்தாய். அவர் நண்பர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது? விளங்கும்படி எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் நலம் வேண்டும் அக்கா
அவாத்திஃப்


கெய்ரோ
22 மே 1991

அக்காவுக்கு சலாம். நான் நல்லா இருக்கேன், இருமலும் நல்லா இருக்கு. மச்சானுக்கும் சிங்கத்துக்கும் முத்தம். மரியாதை முடிஞ்சுது, விஷயத்துக்கு வர்றேன்.

ஏன்க்கா, பொறந்து ஏழு நாள் ஆனவனுக்கு எழுபது வயசு ஆளு பேரா? நான் அங்க இருந்திருந்தா அந்த மெழுகுவத்தியை ஊதி விட்டிருப்பேன்.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லு. ஆஸ்பத்திரியில காது கேக்குதான்னு சோதிக்கிற பிரிவு. அங்க எனக்கு அச்சு எடுக்கிற வேலை. காது கேக்காதவங்க ஒரு மிஷின் மாட்டிக்கிறாங்கல்ல, அது அவங்கவங்க காதுக்குப் பொருந்தணும். ரோஸ் கலர் பசையைக் குழைச்சுக் காதுல விடுவேன். இறுகினதும் உருவினா, காதோட உள்பக்கம் அப்படியே கையில வந்துடும். ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்கிற ஆளை இன்னும் நான் பாக்கல. இதைச் சொன்னா அப்பா, ‘அஸ்யூத் இன்ஜினியரிங் காலேஜ விட்டுட்டுப் போனவன் காதுல மண்ணு குழைக்கிறானா’ன்னு கேப்பாரு. பசைன்னு திருத்திடு.

ஆனா இங்க ரெண்டு வருஷ டிப்ளமோ ஒண்ணு இருக்கு. ஆடியாலஜின்னு பேரு. வைத்தியம் பாக்குறது இல்ல. ஒருத்தருக்கு எவ்வளவு கேக்குது, எது கேக்கலன்னு அளந்து, மிஷின் பொருத்திப் பழக்கிவிடற வேலை. அந்தப் பிரிவை நடத்துற டாக்டர் இன்ஸாஃப்கிட்ட போய் நின்னேன். கண்ணாடிக்கு மேல பாத்தாங்க.

“இதுவரைக்கும் எத்தனை வேலை விட்டிருக்க?”

“மூணு.”

“காலேஜைச் சேத்தா?”

“நாலு.”

“இதையும் விடுவியா?”

“தெரியல டாக்டர்.”

“பொய் சொல்லல. ஜூலையில வகுப்புக்கு வந்துடு.”

சேந்து பாக்குறேன். பிடிக்கலன்னா ஷவ்கி இருக்கான். ஹுர்காடாவுல வெள்ளைக்காரங்களைப் படகுல கூட்டிட்டுப் போறான், என்னையும் கூப்பிடறான். கடல், மீன், வெயில். இங்க சன்னல் இல்லாத ரூம்.

சிங்கத்தோட போட்டோ அனுப்பு.

தம்பி ரிஃபாத்


கினா
3 ஜூலை 1991

அன்புத் தம்பிக்கு, பெருநாள் வாழ்த்து. இங்கே அனைவரும் நலம், வெயில்தான் நலமாக இல்லை. காலையில் முற்றத்தில் வைத்த ரொட்டி மாவு ஒன்பது மணிக்கே உப்பிவிடுகிறது.

வகுப்பில் சேர்கிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். “எத்தனை வருஷம்?” என்றார். இரண்டு என்றேன். “பாப்போம்,” என்றார். கூடவே ஏதும் சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

பெருநாளன்று நம் வாசலில்தான் காளையை அறுத்தார்கள். அது கயிற்றை அறுத்துக்கொண்டு கத்திய கத்தலில் தெருக் குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. கினாவி என் தோளில் தூங்கிக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நாயனமும் ஒலிபெருக்கியும் மூன்று நாள். அப்போதும் தூக்கம் கலையவில்லை. “இப்படி ஒரு தங்கத்தைப் பெத்துட்டு நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?” என்று ஃபிக்ரியா கேட்கிறாள். தூக்கமில்லை, வேறொன்றுமில்லை.

இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன். சிரிப்பதற்காக ஃபிக்ரியா புகைப்படக்காரர் பின்னால் நின்று கை காலை ஆட்டினாள்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சின்னக் குழந்தைகள் வருகிறார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா அவாத்திஃப்


கெய்ரோ
10 ஆகஸ்ட் 1991

அக்காவுக்கு சலாம். எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். போட்டோ கிடைச்சுது. மூக்கு மச்சானோடது, பாவம்.

வகுப்பு ஆரம்பிச்சாச்சு. ஒரு வாரம் முழுக்கக் காதோட படம். கொட்டாவி விட்டே எனக்குத் தாடை வலிச்சுது. இந்த வாரம்தான் குழந்தைங்க ரூமுக்குள்ள விட்டாங்க. இது நல்லா இருக்கு.

சின்னக் குழந்தைகிட்ட ‘சத்தம் கேட்டா கையத் தூக்கு’ன்னு சொல்ல முடியாதுல்ல? அதனால அம்மா மடியில உக்காத்தி வைப்போம். முன்னாடி ஒருத்தர் பொம்மையைக் காட்டுவாரு. திடீர்னு பொம்மைய மறைச்சுடுவாரு. அந்த நேரத்துல பின்னாடி நிக்கிறவன் ஓரமா கிலுகிலுப்பைய ஆட்டணும். குழந்தை திரும்புதான்னு பாக்கணும். பின்னாடி நிக்கிறவன் நான். நிழல் விழக்கூடாது. குழந்தையோட கண் ஓரத்துல படக்கூடாது. அத்தர் பூசக்கூடாது, வாசனைக்கே திரும்பிடுமாம். முதல் நாள் அத்தர் போட்டுட்டுப் போனேன். “யாரைப் பொண்ணு பாக்க வந்திருக்க?”ன்னு கேட்டு டாக்டர் என்னை முகம் கழுவ அனுப்பிட்டாங்க.

நீ கேட்டதுக்குப் பதில்: ஆறு மாசத்துல இருந்தே சோதிக்கலாம். ஆனா யாரும் கொண்டு வர்றதில்ல. மூணு வயசுல தூக்கிட்டு வந்து ‘பேச்சு வரட்டும்னு காத்திருந்தோம்’னு சொல்றாங்க. காதுல விழாம பேச்சு எங்கிருந்து வரும்? முதல் வருஷத்துல மிஷின் மாட்டினா அந்தக் குழந்தை பேசப் பழகிக்க வாய்ப்பு இருக்கு. மூணு வயசுல மாட்டினா பாதி ரயில் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாங்க.

கினாவி கூப்பிட்டா திரும்புறானா? இப்ப எல்லாக் குழந்தையையும் பத்தி இதைத்தான் கேக்குறேன். போன வாரம் பஸ்ல ஒரு குழந்தைக்குப் பின்னாடி சாவிய ஆட்டினேன். அது திரும்புச்சு. அதோட அப்பனும் திரும்பிட்டான்.

தம்பி ரிஃபாத்


கினா
2 அக்டோபர் 1991

அன்புத் தம்பிக்கு, இங்கே யாவரும் நலம். நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், விடுப்பை நீட்டிக்க இரண்டு முறை அலுவலகத்துக்கு அலைந்தேன்.

இந்த வருஷம் பேரீச்சை நன்றாகக் காய்த்திருக்கிறது. ஒரு கூடை உனக்கு அனுப்ப நினைக்கிறேன், ரயிலில் வரும் ஆள் யாராவது கிடைக்க வேண்டும். சர்க்கரை ஆலையில் ஷாஸுலிக்கு இயந்திரப் பழுது பார்க்கும் பிரிவுக்கு மாற்றம். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் கத்தித்தான் பேசுகிறார்.

கினாவிக்குக் கீழே இரண்டு பல். பிடிக்காமல் உட்காருகிறான். நான் பேசினால் என் உதட்டையே பார்க்கிறான். அவனைப் போல என்னைப் பார்ப்பவர் வேறு யாருமில்லை. அவனுக்கு எதிரே உட்கார்ந்துதான் எல்லா வேலையும் செய்கிறேன்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறேன். தோள் அளவு எழுது.

அக்கா அவாத்திஃப்


கெய்ரோ
10 அக்டோபர் 1991

அக்கா, சலாம். சுகம். தோள் அளவு பழையதுதான்.

நான் ஒண்ணு கேட்டேன். நீ பேரீச்சை, அலுவலகம், ஆலை, கம்பளி எல்லாம் எழுதிட்டே. அதுக்கு மட்டும் பதில் இல்ல. நீ டீச்சர். கேள்விய விட்டுட்டுப் பக்கத்தை நிரப்புற பையனுக்கு நீ எத்தனை மார்க் போடுவேன்னு எனக்குத் தெரியும்.

திரும்புறானா இல்லையா?

போன் போட்டுக் கேக்கலாம். ஆனா உங்க தெரு டெலிபோன் ஆபீஸ்ல நீ பேசினா க்யூவுல நிக்கிற எல்லாரும் காது குடுப்பாங்க. அதனால எழுது.

கோவிச்சுக்காத. பேரீச்சைய அனுப்பு.

ரிஃபாத்


கினா
25 நவம்பர் 1991

அன்புள்ள ரிஃபாத்துக்கு, நலம், நலமே வேண்டுகிறோம். உன் கடிதம் சற்றுக் காரமாக இருந்தது. ஆனாலும் பதில் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஃபிக்ரியாவை அழைத்து, மாடி அறையில் உன் சோதனையை நாங்களே செய்தோம். கினாவியைப் பாயில் உட்காரவைத்து நான் அவனுக்கு எதிரே சிவப்புத் துணியை ஆட்டினேன். நீ எழுதியபடியே சட்டென்று மறைத்தேன். ஃபிக்ரியா அவன் முதுகுக்குப் பின்னால் பித்தளை உரலை வைத்து ஓங்கி ஒரு இடி இடித்தாள். தட்டிலிருந்த தேநீர்க் கிளாஸ்கள் எல்லாம் குதித்தன. கினாவி உடனே திரும்பினான். நான்கு முறை இடித்தோம், நான்கு முறையும் திரும்பினான். கடைசி முறை சிரித்தான்கூட.

ஃபிக்ரியா உனக்குச் சொல்லச் சொன்னது: “உங்க தம்பிகிட்ட சொல்லுங்க அண்ணி, ரெண்டு வருஷம் படிக்கிற படிப்ப ஒரு உரல வெச்சு நான் முடிச்சுட்டேன். டிப்ளமோவ எனக்கு அனுப்பச் சொல்லுங்க.”

ஆகவே உன் பாடத்தைப் பையில் வைத்துக்கொள். ஷாஸுலியிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் ஒன்றுமில்லை. சட்டை அனுப்பியிருக்கிறேன்.

அவாத்திஃப்


கெய்ரோ
15 ஜனவரி 1992

அக்காவுக்கு சலாம். சட்டை கிடைச்சுது, கை கொஞ்சம் நீளம், பரவாயில்ல. பேரீச்சையும் வந்துச்சு. எல்லாரும் சுகமா இருக்கணும்.

உன் லெட்டர் வந்த அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தேன். நண்பர்களுக்கெல்லாம் கடையில கோஷரிச் சோறு வாங்கிக் குடுத்தேன். உடனே பதில் எழுதியிருக்கணும். எழுதல. அப்புறம் பரீட்சை வந்துச்சு. அதைப் பத்திச் சொல்றேன்.

செய்முறைப் பரீட்சை. ஒன்பது மாசப் பொண்ணு, நான் பின்னாடி. கிலுகிலுப்பை ஆட்டினேன், திரும்பினா. சின்ன மணி, திரும்பினா. ஆறு தடவை, ஆறும் திரும்பினா. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம, “நல்லா கேக்குதும்மா உங்க பொண்ணுக்கு”ன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா அங்கயே குலவை போட்டுட்டாங்க. வெளிய இருந்தவங்களும் சேந்து போட்டாங்க.

டாக்டர் எழுந்தாங்க. “செருப்பக் கழட்டு.”

“எதுக்கு டாக்டர்?”

“கழட்டுடா.”

கழட்டினேன். ஒரு தடிமனான கம்பளத்தை விரிச்சு, குழந்தையும் அம்மாவும் உக்காந்த நாற்காலிய அதுமேல போட்டாங்க. என்னை வெறும் கால்ல நிக்க வெச்சாங்க. மறுபடியும் ஆட்டினேன். கிலுகிலுப்பை, மணி, கடைசியில பெரிய மணி. அந்தப் பொண்ணு திரும்பவே இல்ல. பொம்மைய எங்க காணோம்னு முன்னாடியே பாத்துக்கிட்டிருந்தா.

எங்க கட்டடம் பழசு, பலகைத் தரை. நான் ஒவ்வொரு தடவையும் ஆட்டுறதுக்கு ஒரு அடி எடுத்து வெச்சிருக்கேன். அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியா ஏறியிருக்கு. அவ கேட்டது என் காலை, கிலுகிலுப்பைய இல்ல. அந்த அம்மாகிட்ட மறுபடியும் நான்தான் சொல்லணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு எழுத மாட்டேன்.

பெயில். ஏப்ரல்ல மறுபடியும் எழுதலாம். நான் பையை எடுத்துக்கிட்டு ஹுர்காடா பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். பஸ் நிலையம் ரயில்வே பாலத்துக்குக் கீழ இருக்கு. டீ சொல்லிட்டு உக்காந்தேன். மேல ரயில் போச்சு. டீ கிளாஸ் தட்டுல குதிச்சுது.

டீயக் குடிக்கல. ரூமுக்குத் திரும்பி வந்துட்டேன். அது நடந்து ரொம்ப நாள் ஆச்சு. இந்த லெட்டர மூணு தடவை கிழிச்சுட்டேன்.

ஒரே ஒரு கேள்வி அக்கா. உங்க மாடி ரூமும் பலகைத் தரைதான். ஃபிக்ரியா இடிக்கும்போது உரல் எங்க இருந்துச்சு?

ரிஃபாத்


கினா
8 மார்ச் 1992

தம்பிக்கு, நோன்பு வாழ்த்து. நலம்.

கரும்பு அரவைக் காலம். ஷாஸுலி பகலும் இரவும் ஆலையில் இருக்கிறார். கினாவி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நீ கேட்டது: தரையில்.

அவாத்திஃப்


கெய்ரோ
14 மார்ச் 1992

அக்கா, சலாம். நீ சுகமா இருக்கியான்னு கேக்கல. இல்லன்னு தெரியுது.

நேரா சொல்லிடறேன், வேற மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை பாரு. உரல் வேண்டாம். ரெண்டு பானை மூடிய எடுத்துக்கோ. அவனைக் கட்டில் மெத்தைமேல உக்கார வை. ஃபிக்ரியா வெறும் கால்ல, ரெண்டு அடி தள்ளி, நிழல் விழாம பின்னாடி நிக்கட்டும். மூடிங்க கட்டில்ல படக்கூடாது. காத்துல தட்டணும். அவன் திரும்பினா, எனக்கு ஒரு வரி எழுது. நான் ரெண்டாவது பரீட்சையும் பெயிலானதா வெச்சுக்கிட்டு சந்தோஷமா இருப்பேன். நான் தப்பா இருக்கணும்னு இப்படி ஆசைப்பட்டதே இல்ல.

திரும்பலன்னா, பெருநாள் முடிஞ்ச மறுநாள் ரயில் ஏறு. தலையில சின்னச் சின்ன ஒயர் ஒட்டி, தூங்க வெச்சே பாக்குற சோதனை இருக்கு. வலிக்காது. அதுல அதிர்வு, நிழல் எதுவும் ஏமாத்த முடியாது. நான் செய்ய மாட்டேன், டாக்டர் இன்ஸாஃப் செய்வாங்க. அடுத்த மாசம் அவனுக்கு ஒரு வயசு. ரயில் இன்னும் போகல.

மச்சான்கிட்ட நீ சொல்ல முடியலன்னா இந்த லெட்டரக் குடு. ‘எங்க வம்சத்துல செவிடு கிடையாது’ன்னு ஆரம்பிச்சாருன்னா, ஆலையில அவரு காதே பாதி போயிருக்கும், வந்தா அதையும் சேத்து அளந்து தர்றேன்னு சொல்லு.

வருவியா?

ரிஃபாத்


கினா
20 ஜூன் 1992

அன்புத் தம்பி ரிஃபாத்துக்கு, பெருநாள் வாழ்த்து. நாங்கள் நலமாக இருக்கிறோம். ஊர் திரும்பி இத்தனை வாரத்தில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன் அறையில் எங்களைப் படுக்கவைத்துவிட்டு நீ மொட்டை மாடியில் படுத்தாய். இருமல் வந்ததா?

போகும்போது ஷாஸுலி கெய்ரோ வரும்வரை ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது வழியெல்லாம் பேசினார், எல்லாம் கினாவிக்கு மாட்டிய மிஷினைப் பற்றித்தான். எந்த பாட்டரி, ஈரம் பட்டால் என்ன ஆகும், உள்ளே என்ன இருக்கும். நல்லவேளை, திறந்து பார்க்கவில்லை. இங்கே தெருவில் யாராவது “அது என்ன காதுல?” என்று கேட்டால், “ரேடியோப்பா. கெய்ரோ நியூஸ் கேக்குறான். எதாச்சும் முக்கியமா சொன்னா சொல்றேன்,” என்கிறார். ஒருவர் நம்பிவிட்டார்.

அப்பா அந்த அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை அவனா செஞ்சான்?” என்றார். ஆம் என்றேன். “ஓரமெல்லாம் நல்லா வழவழன்னு இருக்கு,” என்றார். அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. காது கேட்பது கொஞ்சம்தான் மீதி இருக்கிறது, அதை வைத்துத்தான் பழக்க வேண்டும், வருஷக்கணக்காகும். தினமும் பழக்குகிறேன். கதவைத் தட்டுகிறேன், காட்டுகிறேன். தண்ணீரை ஊற்றுகிறேன், காட்டுகிறேன். பாதி நேரம் மிஷினைப் பிடுங்கி மாவுப் பானையில் போடுகிறான்.

பெருநாளன்று ஃபிக்ரியா உரலோடு வந்துவிட்டாள். “முதல் தடவை கணக்குல சேராது அண்ணி. அவன் ஒண்ணுமே கேக்கல. எங்க அண்ணன் பேச்சையே கேட்டுக்கிட்டுத் திரியப் போறான்,” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையனுக்கு மிஷினை மாட்டி மெத்தைமேல் உட்காரவைத்தோம். உரலை அவள் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், காலில் செருப்பு இல்லை. இரண்டடி தள்ளி நின்று மெதுவாக ஒரே ஒரு இடி.

ரிஃபாத், அவன் அழுதான். உதடு கோணி, மூச்சைப் பிடித்து, தெருவே கேட்கிற மாதிரி அழுதான். ஃபிக்ரியா பயந்து உரலைக் கீழே போட்டுவிட்டாள். எல்லோரும் “தூக்கு, தூக்கு,” என்றார்கள். நான் உடனே தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ எழுதிய பானை மூடி விஷயம். அதை நான் செய்து பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. மெத்தைமேல் சல்லடை இருந்த அன்றே நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது ஒரு வாரமாக மிஷின் கீச் கீச்சென்று கத்துகிறது. தொழுகையில்கூடக் கத்தியது. கெட்டுப்போய்விட்டதென்று ஷாஸுலி தூக்கமில்லாமல் இருக்கிறார்.

இன்னொண்ணு. நாங்க கிளம்புற அன்னிக்கு உன் மேசையில ஷவ்கியோட லெட்டரப் பாத்தேன்டா. ஆகஸ்டுல வரச் சொல்லியிருந்தான். ஒண்ணும் கேக்காம வந்துட்டேன். காலேஜ விட்டப்ப நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லல, அந்த மூணு வேலைக்கும் சொல்லல. இப்பவும் சொல்லல. உனக்குப் பிடிச்சதச் செய். ஆனா போறதுன்னா எனக்கு முன்னாடியே எழுதிடு. திடீர்னு போயிடாத.

அக்கா


கெய்ரோ
5 ஜூலை 1992

அக்காவுக்கு சலாம். எல்லாரும் சுகம்தானே? இருமல் வரல.

ஏப்ரல் பரீட்சைல பாஸ். உங்க சோதனை நடந்த வாரமே நடந்துச்சு, அப்ப யாருக்கும் இதைக் கேக்கிற நேரம் இல்ல, நானும் சொல்லல. இப்ப எல்லாரும் அந்த ரூமுக்கு வெளியதான் செருப்பை விடணும். டாக்டர் கதவுல எழுதி ஒட்டிட்டாங்க. கீழ யாரோ பென்சிலால ‘ரிஃபாத் சட்டம்’னு கிறுக்கியிருக்கான்.

மச்சானத் தூங்கச் சொல்லு. மிஷின் கெடல. அச்சுக்கும் காதுக்கும் நடுவுல சந்து விழுந்தா சத்தம் வெளிய கசிஞ்சு மறுபடியும் மிஷினுக்குள்ளயே போகும், அதான் கத்துது. சந்து ஏன் விழுந்துச்சுன்னா, காது வளந்துடுச்சு. அவ்வளவுதான். அச்சு அப்படியே இருக்கு, பையன் பெருசாயிட்டான்.

வெள்ளிக்கிழமை ரயில்ல பசையோட நானே வர்றேன். காது அளவ எடுத்துட்டுப் போய் அடுத்த வாரம் புது அச்சு அனுப்பறேன். அதுவரைக்கும் பழசுமேல கொஞ்சம் வாஸ்லைன் தடவு. உரல என் கண்ணுல படாம வைக்கச் சொல்லு ஃபிக்ரியாகிட்ட. அப்பா எந்த நேரம் வீட்ல இருப்பாருன்னு மட்டும் தந்தி குடுத்துடு. இருக்கிற நேரமா பாத்து வர்றேன்.

இந்த வயசுல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு அச்சு. பள்ளிக்கூடம் போற வயசுல வருஷத்துக்கு ஒண்ணு. அப்புறம் மீசை முளைக்கிற வரைக்கும் காது கொஞ்சம் கொஞ்சமா வளந்துக்கிட்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பாத்தேன், நிறைய அச்சு வருது.

ஷவ்கிக்கு எழுதிட்டேன், வரலன்னு.

புது அச்சும் ஒரு நாள் கீச்சுன்னு கத்தும். கத்தினா பயப்படாதீங்க, எனக்கு ஒரு வரி எழுதுங்க. இங்கதான் இருப்பேன்.

தம்பி ரிஃபாத்